மாரிக் குளிரும் நமது மாடுகளும்

(சித்தாண்டிக் கமக்காரரும் பண்ணையாளரும் கூடியிருந்தபோது நிகழ்த்திய பேச்சு)



நெற்பயிருக்கு வரும் நோயைப் பற்றியும், மிளகாய்க்கும் கத்தரிக்கும் இடும் உரத்தைப் பற்றியும் உங்களிடம் பேச வருவோர் பலர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. உங்கள் வளவிற் கட்டி நிற்கும் கறவைப் பசுவையும், வட்டைக்கு அப்பாற் காட்டோரத்தில் நிற்கும் பட்டியையும், வீட்டுக்குப் பின்புறம் நிற்கும் இரண்டொரு ஆட்டையும் மாரிக் குளிரிலிருந்து காப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். செத்த பசு அடுத்த போகத்தில் முளைக்காது. ஒரு கன்று வளர்ந்து பால் தருவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். ஆதலால், சிறிது நேரம் செவிசாய்க்குமாறு வேண்டுகிறேன்.

“இந்த வெப்ப நாட்டில் மாடு குளிரினாற் சாகுமா?” என்று முன்னர் ஒருவர் கேட்டிருந்தால், நம்மிற் பலர் நகைத்திருப்போம். 2022 டிசெம்பருக்குப் பின்னர் அவ்வாறு நகைப்பதற்கு இடமில்லை. அம்மாதம் வங்கக் கடலில் மண்டூஸ் என்னும் புயல் எழுந்தது. அது நம் கரையை மோதவில்லை. டிசெம்பர் 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. ஆயினும், அது கடலில் நின்ற நாட்களில் குளிர்ந்த காற்றும் மழையும் இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் தாக்கின. அந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் இவ்விரு மாகாணங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. கூட்டங்கூட்டமாகச் செத்தமையால், கொள்ளை நோயோ என்று மக்கள் அஞ்சினர். இப்பகுதிகளிலிருந்து இறைச்சியை வெளியே கொண்டு செல்வதும் சிலகாலம் தடுக்கப்பட்டது. இறந்தவற்றைச் சோதித்த கால்நடை வைத்தியர்கள், தொற்றுநோய் எதுவுமில்லை, திடீர்க் குளிரின் தாக்கமே காரணம் என்று முடிவு கூறினர்.

ஐயம் ஒன்று

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. நுவரெலியா மாவட்டத்தில் அம்பேவளைப் பண்ணை இருக்கின்றது. அப்பகுதியில் இரவுக் குளிர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. அங்குள்ள மாடுகள் அதனாற் சாவதில்லை. நன்றாகப் பாலுங் கறக்கின்றன. நமது மட்டக்களப்பிலோ, மார்கழி, தை மாதங்களின் மிகக் குளிர்ந்த இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்கு மிகவும் கீழே செல்வதில்லை. அவ்வாறாயின், 10 பாகையில் அங்கே மாடு வாழ, 20 பாகையில் இங்கே மாடு சாவானேன்?

இதற்கு விடை கண்டால் மருந்தும் கண்டவராவோம். அம்பேவளை மாடு குளிர் நாட்டு இனம். குளிரிலே பிறந்து வளர்ந்தது. அது மட்டுமன்று. அதற்குக் கொட்டகை உண்டு; முதுகு நனைவதில்லை; வயிறு காலியாவதில்லை. நமது மாடோ வெயிலுக்கென்று அமைந்த உடலையுடையது. அதன் தோல் மெல்லியது; மயிர் குட்டையானது; தோலுக்கடியிற் கொழுப்புக் குறைவு; வியர்வைச் சுரப்பிகள் மிகுதி. சித்திரை வெயிலில் அதனைக் காப்பவை இவையே. மார்கழி மழையில் இவையே அதற்குக் கேடாகின்றன. எருமைக்கோ மயிர் இன்னும் குறைவு. அதன் கன்று குளிரைச் சற்றும் பொறாது.

மாட்டின் உடற்சூடு ஏறத்தாழ 38.5 பாகை. வெளியே மழையாயினும் வெயிலாயினும் இச்சூட்டை அது காத்துக்கொள்ள வேண்டும். உடலை ஓர் அடுப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். அடுப்புக்கு விறகு தீனி. தோலும் மயிரும் சூடு வெளியேறாமல் மூடும் போர்வை. மயிர்களுக்கிடையே தங்கும் காற்றே அப்போர்வையின் பஞ்சு. மழை அப்பஞ்சை நனைத்துவிடுகிறது. காற்று எஞ்சிய சூட்டையும் அள்ளிச் செல்கிறது. உலர்ந்த, அடர்ந்த மயிருள்ள குளிர்நாட்டு மாடு உறைபனியையும் பொறுக்கும். அதே மாடு முழுதும் நனைந்துவிட்டால், 15 பாகையிலேயே குளிரோடு போராடத் தொடங்கிவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். குளிர்நாட்டு மாட்டின் கதியே இதுவானால், நனைந்து, வாடையில் நின்று, பட்டினியும் கிடக்கும் நமது மெல்லிய மாட்டின் கதி என்னாகும்?

ஆகவே, மாட்டைக் கொன்றது குளிர் ஒன்றே என்று எண்ணற்க. மழை, காற்று, பட்டினி ஆகிய மூன்றும் குளிரோடு கூடிக் கொன்றன. குளிரைத் தடுக்க நம்மால் இயலாது. மற்றைய மூன்றையும் தடுக்க இயலும். இப்பேச்சின் சாரம் இதுவே.

குதிரை தரும் பாடம்

தனக்குப் பழக்கமில்லாத காலநிலைக்கு ஒரு விலங்கு எவ்வாறு பழகுகிறது என்பதைக் குதிரையிடத்தே நன்கு காணலாம். மனிதர் கடல் கடந்து பெருந்தொகையாகக் கொண்டு சென்ற விலங்குகளுட் குதிரையும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் பயணி, அந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கியதையும், அவற்றிற் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும் எழுதிவைத்தார். காலநிலையும் ஒவ்வாதது, பேணத் தெரிந்த ஆட்களும் இல்லை, புல்லுக்குப் பதிலாகச் சமைத்த சோறும் இறைச்சியும் ஊட்டப்பட்டன என்பது அவர் கூற்று. புது நாட்டின் தட்பவெப்பத்தோடு தவறான தீனியும் சேர்ந்தால் விலங்கு நிலைக்காது என்பதற்கு இது பழைய சான்று.

இனி, வெப்ப நாட்டுக் குதிரையைப் பனி நாட்டுக்குக் கொண்டு செல்வோர் இக்காலத்தில் என்ன செய்கின்றனர் என்று பார்ப்போம். மிதமான தட்பவெப்பத்தில் வாழ்ந்த குதிரைக்கு 5 பாகை வரையிலுமே தொல்லையில்லை. அதற்குக் கீழே குளிர்ந்தால் உடற்சூட்டைக் காக்க மிகுதியான தீனி வேண்டும். கடுங்குளிருக்குப் பழகிய குதிரையோ சுழியத்துக்குக் கீழ் 15 பாகை வரையுந் தாங்கும். இரண்டும் ஒரே இனமாக இருக்கலாம். வேறுபாடு பழக்கத்திலேயே உள்ளது. குளிருக்கு உடல் இணங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களாவது செல்லும். அடர்ந்த மயிர் வளர்வதற்கு அதனினும் நீண்ட காலம் வேண்டும். பகற்பொழுது குறையத் தொடங்கும்போதே குதிரையின் உடல் குளிர்கால மயிரை வளர்க்கத் தொடங்குகிறது. ஆகையால், அறிந்தவர் பனிக்காலத்தின் நடுவே வெப்ப நாட்டுக் குதிரையைக் கொண்டுவந்து வெளியில் விடுவதில்லை, கோடையிலேயே கொண்டுவந்துவிடுகின்றனர். குளிர் கூடுந்தோறும் உலர்புல்லைக் கூட்டுகின்றனர். நார்த்தீனி குடலிற் புளித்துச் செரிக்கும்போது எழும் சூடு உள்ளிருந்தே உடலை வெப்பமாக்குகிறது. குளிர்ந்த நீரைக் குதிரை குறைவாகக் குடிக்கும். அதனாற் குடலிற் தீனி இறுகி வயிற்றுவலி வரும். எனவே வெதுவெதுப்பான நீர் வைக்கின்றனர். நனைந்த முதுகின் மீது போர்வை இடுவதில்லை. முதலில் துடைத்து உலர்த்துகின்றனர். காற்றைத் தடுக்க ஒரு மறைப்பு அமைக்கின்றனர்.

நமது மாட்டுக்கும் குதிரைக்கும் இரைப்பை வேறு, விதி ஒன்றே. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நமது நாடு நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ளது. மார்கழியிற் பகல் பெரிதுங் குறைவதில்லை. குளிரும் மெல்ல மெல்ல ஏறி வருவதில்லை. நமது மாட்டுக்கு “மாரி வருகிறது, மயிரை வளர்” என்று சொல்லும் அடையாளம் இயற்கையில் இல்லை. நேற்று வெயில், இன்று வாடை. குதிரைக்கு இயற்கை செய்யும் ஆயத்தத்தை, நமது மாட்டுக்கு நாமே செய்தல் வேண்டும்.

ஆவணி, புரட்டாதியில்: வைக்கோலைச் சேமியுங்கள்

மாரிக்கான ஆயத்தம் சிறுபோக வெட்டோடு தொடங்குகிறது. பெரும்போகம் விதைத்தவுடன் வட்டைகள் யாவும் மாட்டுக்கு அடைபடும். மாடுகள் மேய்ச்சல் தரைக்குச் செல்லும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளின் பொருட்டு 2023 செப்டெம்பரிற் பண்ணையாளர் தொடங்கிய போராட்டம் இதே சித்தாண்டியில் நடைபெற்றதை நீங்கள் அறிவீர்கள். அது தனியே பேசவேண்டிய பொருள். இங்கே நான் சொல்லவருவது இதுதான்: மேய்ச்சல் குறைந்த மாடு மெலிந்த மாடு, மெலிந்த மாடே குளிரில் முதலில் விழும் மாடு. நல்ல மேய்ச்சல் தரையிலுங்கூட அடைமழை நாட்களிற் புல்லில் நீரே மிகுதி. மாடு வயிறு நிறைய மேய்ந்தும் உடலிற் சேர்வது குறைவு. தாழ்நிலத்தில் வெள்ளம் நின்றால் மேய்ச்சலே இல்லை.

வெட்டு இயந்திரம் வந்தபின்னர் வைக்கோல் வயலிலேயே கிடந்து எரிக்கப்படுவதைக் காண்கிறோம். எரிவது உங்கள் மாட்டின் மாரித் தீனி. கணக்குப் பாருங்கள். 250 கிலோகிராம் எடையுள்ள ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 6 கிலோகிராம் வைக்கோல் போதும்; ஒரு மாதத்துக்கு 180 கிலோகிராம். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 1 தொன் வைக்கோல் கிடைக்கிறது. எனவே ஓர் ஏக்கர் வைக்கோல், ஐந்து பசுக்களைக் கொடிய மாரியின் ஒரு மாதம் முழுவதும் காப்பாற்றும். வைக்கோலை வெயிலில் நன்கு உலர்த்தி, மேட்டு நிலத்தில், அடியிற் தடிகளைப் பரப்பிப் போராக வையுங்கள். மேலே கிடுகாலோ தறப்பாளாலோ மூடுங்கள். நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்கு இடாதீர்கள்.

வைக்கோலின் சத்தைக் கூட்ட விரும்புவோர் யூரியா கொண்டு பதப்படுத்தலாம். 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பிச் சீராகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமற் பொலித்தீனால் மூடிப் பத்து நாட்கள் வைக்கவேண்டும். பின்னர், வேண்டிய அளவை மட்டும் வெளியே எடுத்து, நெடி போகும்வரை காற்றாட விட்டுக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இதனைக் கொடுத்தலாகாது. யூரியா கரைத்த நீரை எந்த விலங்கும் குடிக்க விடாதீர்கள்; அது நஞ்சு.

காய்கறித் தோட்டக்காரர் கவனிக்க: கச்சான் கொடி, கௌபிக் கொடி, சோளத்தட்டை ஆகியவற்றை உலர்த்தி வைத்தால் வைக்கோலினுஞ் சிறந்த தீனியாகும். வேலியில் கிளிரிசீடியா நட்டவர்களுக்கு மாரியிலும் இலை உண்டு. ஆனால், பூச்சிநாசினி தெளித்து அண்மையிற் பிடுங்கிய கொடிகளையும் இலைகளையும் ஒருபோதும் மாட்டுக்குப் போடாதீர்கள்.

ஐப்பசியில்: உடல்நலம் பாருங்கள்

முதல் மழைக்கு முன்னரே குடற்புழுவுக்கு மருந்து கொடுங்கள். புழு இருக்கும் மாட்டுக்கு இடும் தீனியில் ஒரு பங்கு புழுவுக்கே போகிறது. தொண்டை அடைப்பான் போன்ற மாரிகால நோய்களுக்கான தடுப்பூசியையும் அப்பொழுதே ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்தியரை இதற்கென முன்கூட்டியே அணுகுதல் நன்று.

அதே நாளில் உங்கள் மாடுகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். விலா எலும்புகளைத் தொலைவிலிருந்தே எண்ணக்கூடிய மாடு மெலிந்த மாடு. மெலிந்தவை, கிழடானவை, நிறைசினையானவை, அண்மையில் ஈன்றவை, கன்றுகள் ஆகிய ஐவகையையும் தனியே பிரித்துவிடுங்கள். இவற்றுக்கு நாளொன்றுக்கு ஒன்று, இரண்டு கிலோகிராம் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் கலந்து, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுங்கள். இரக்கப்பட்டு ஒரேயடியாகச் சோற்றையோ நெல்லையோ அள்ளி வைத்தால், இரைப்பை புளித்து மாடு சாகும். பாண்டி நாட்டுக் குதிரையை நினைவிற் கொள்ளுங்கள்.

கார்த்திகைக்கு முன்னர்: ஒதுக்கிடம் அமையுங்கள்

பெருங் கொட்டகை வேண்டுமென்று நான் சொல்லவில்லை. மாரியில் நம்மைத் தாக்குவது வடகீழ்த் திசையிலிருந்து வரும் வாடை. ஆகவே, வடக்கிலும் கிழக்கிலும் மறைப்பும், மேலே கூரையும் இருந்தாற் போதும். தெற்கும் மேற்கும் திறந்திருக்கலாம். கிடுகு, பனையோலை, தறப்பாள், பழைய சாக்கு, எது கையில் உண்டோ அதனாற் கட்டுங்கள். முற்றாக அடைத்துவிடாதீர்கள். காற்றோட்டமில்லாக் கொட்டகையில் மூத்திர நெடி தங்கி, சளிக்காய்ச்சல் வரும்.

நிலத்தைச் சுற்றுப்புறத்தைவிட ஒன்றரை அடி உயர்த்தி, நீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கள். ஒரு பசு படுப்பதற்கு 40 சதுர அடியும், ஓர் ஆட்டுக்கு 12 சதுர அடியும் கொள்ளுங்கள். தரையில் உமியும் பழைய வைக்கோலும் தடிப்பாக இடுங்கள். ஈரமானதை நாள்தோறும் மாற்றுங்கள். ஈரத் தரையிற் படுக்கும் மாட்டின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொள்ளும். ஆட்டுக்கு நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்தில் மரச்சட்டப் பரண் அமைப்பது சாலச் சிறந்தது.

“நூறு மாட்டுப் பட்டிக்குக் கூரை எங்கே போவது?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நூற்றுக்குங் கூரை வேண்டியதில்லை. முன்னர்ச் சொன்ன ஐவகையையும் பிரித்தெடுத்தால், பெரும்பாலும் இருபது, முப்பதுக்கு மேற்படாது. அவற்றை மட்டும் மார்கழி வரும் முன்னரே ஊருக்கு இறக்கிவிடுங்கள். மற்றையவற்றின் காலையை, வெள்ளம் ஏறாத மேட்டில், வடகீழ்த் திசையில் மரச்செறிவு உள்ள இடத்தில் அமையுங்கள். பத்தடி உயர மரவரிசை, தனக்கு அப்பால் எண்பது, நூறு அடி தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். இலைகளுக்கிடையே சிறிது காற்றுப் புகும் வேலி, கெட்டிச் சுவரினும் நன்று. சுவரைத் தாண்டிய காற்று சுழன்று கீழே இறங்கும். கிளிரிசீடியாவையும் பூவரசையும் நெருக்கமாக நட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளிற் செலவில்லாத மறைப்புக் கிடைக்கும்.

மழை நாட்களிற் செய்யவேண்டியவை

வளிமண்டலவியல் திணைக்களம் புயலையும் தாழமுக்கத்தையும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே அறிவிக்கிறது. அவ்வறிவிப்பை வள்ளத்துக்கும் வயலுக்கும் மட்டும் உரியதாக எண்ணாதீர்கள். அறிவிப்பைக் கேட்ட அன்றே மாட்டை மேட்டுக்குக் கொண்டுவாருங்கள்; வைக்கோலை அருகில் எடுத்து வையுங்கள்.

மாலையில் ஒரு முறை நிறைய வைக்கோல் இடுங்கள். உண்ட தீனி செரிக்குஞ் சூடு நள்ளிரவிலும் விடியற்புறத்திலும் உதவும். குளிர் கொடியதாவது அந்நேரத்திலேயே. தாங்கும் எல்லைக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும், மாட்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி கூடுதலாக வேண்டும். உடல் நனைந்திருந்தால் அதன் இருமடங்கு. ஆதலால், அடைமழை நாட்களில் வழக்கமான வைக்கோலின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டி இடுவது தகும். குடிநீர் தெளிந்ததாகவும், இயலுமானால் வெதுவெதுப்பாகவும் இருக்கட்டும். மழையில் நிற்கும் மாட்டுக்குத் தாகம் இராது என்பது பிழையான எண்ணம்.

மாரியிற் பிறக்குங் கன்றை உடனே சாக்காலும் வைக்கோலாலும் தேய்த்து உலர்த்துங்கள். கடும்புப் பாலை இரண்டு மணி நேரத்துக்குள், பிந்தினும் ஆறு மணி நேரத்துக்குள், கொடுத்துவிடுங்கள். 20 கிலோகிராம் கன்றுக்கு முதல்நாளில் 2 லீற்றர் வேண்டும். கறந்து விற்கும் பாலில் இது குறையுமே என்று கணக்குப் பாராதீர்கள். அக்கடும்பு கன்றுக்கு உணவு, நோய்த் தடுப்பு, உடற்சூடு மூன்றுமாகும்.

குளிரில் விழுந்த மாட்டை மீட்டல்

முதற் குறிகள் இவை: முதுகு கூனி நிற்றல், மயிர் சிலிர்த்தல், காற்றுக்குப் பின்புறங் காட்டி ஒடுங்குதல், நடுக்கம், காது குளிர்தல். இந்நிலையில் மாடு இன்னும் போராடுகிறது, எளிதிற் காக்கலாம். நடுக்கம் நின்று, வாயின் உட்புறமும் குளிர்ந்து, மாடு படுத்துவிட்டால், நடுக்கம் நின்றதைக் குணமென்று மகிழாதீர்கள். அடுப்பு அணைகிறது என்பதே அதன் பொருள்.

முதலாவதாக, காற்றும் மழையும் படாத இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். இரண்டாவதாக, உலர்ந்த சாக்குகளாலும் வைக்கோலாலும் நன்றாகத் தேய்த்து ஈரத்தை எடுங்கள். அதன் பின்னரே உலர்ந்த சாக்கினாற் போர்த்துங்கள். மூன்றாவதாக, மாட்டைப் பக்கவாட்டிற் கிடக்க விடாது, நெஞ்சின் மேல் இருத்தி, இருபுறமும் வைக்கோற் கட்டால் அணைகொடுங்கள்; சில மணி நேரத்துக்கொரு முறை பக்கம் மாற்றுங்கள். நான்காவதாக, சற்றுத் தொலைவிற் தணல் மூட்டலாம். வைக்கோலிற் தீப்பற்றாமலும் புகை சூழாமலும் காவலிருங்கள். கன்றுக்கும் குட்டிக்கும், வெந்நீர் நிரப்பிய போத்தல்களைத் துணியிற் சுற்றி முன்கால், பின்கால் இடுக்குகளில் வைக்கலாம். விழுங்கக்கூடிய மாட்டுக்கு, சர்க்கரையும் சிறிது உப்பும் கரைத்த வெதுவெதுப்பான நீரைத் தானே குடிக்குமாறு வையுங்கள்.

விலக்க வேண்டியவை இரண்டு. உணர்வற்றுக் கிடக்கும் விலங்கின் வாயில் எதனையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குட் சென்று உயிரைப் போக்கும். உடல் சில்லிட்ட கன்றுக்குப் பால் புகட்டாதீர்கள். உடற்சூடு 37 பாகைக்கு மேல் ஏறி, தானாகத் தலைதூக்கி உறிஞ்சத் தொடங்கிய பின்னரே பால். வெப்பமானி ஒன்றை வீட்டில் வைத்திருப்பது சிறு செலவு, பெரும் பயன். இவற்றைச் செய்துகொண்டே கால்நடை வைத்தியருக்கு ஆளனுப்புங்கள்.

இறந்துவிட்ட விலங்கை உண்ணவோ விற்கவோ வேண்டாம். வைத்தியருக்கு அறிவித்து, அவர் பார்த்த பின்னர், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத மேட்டில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். குளிரா, நோயா என்று கண்டறிந்தாலன்றி அடுத்த மாட்டைக் காக்க இயலாது.

ஒருவருக்கொருவர் உதவி

இறுதியாக ஒன்று. சித்தாண்டியில் வயலுடையார் எல்லோரிடமும் மாடில்லை. மாடுடையார் எல்லோரிடமும் வயலில்லை. ஒருவர் வைக்கோலை எரிக்கிறார். மற்றவர் வைக்கோலின்றி மாட்டை இழக்கிறார். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, ஒரு வண்டி எருவுக்கு இருந்த மதிப்பை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வயற்காரர் வைக்கோலைக் கொடுக்கட்டும். பண்ணையாளர் எருவைக் கொடுக்கட்டும். கமக்காரர் அமைப்பின் புரட்டாதிக் கூட்டத்தில், இந்த வட்டையின் வைக்கோல் யாருடைய காலைக்குச் செல்லும் என்பதைப் பேசி முடிவுசெய்யுங்கள். வெள்ளம் வந்தால் எந்த மேட்டில் யார் யாருடைய மாடுகளை நிறுத்துவது என்பதையும் அன்றே தீர்மானியுங்கள். முந்தனை ஆறு பெருகிய பின்னர் பேச நேரமிராது.

பெருமக்களே, வெப்ப நாட்டுக் குதிரையைப் பனி நாட்டில் வாழவைக்க மனிதருக்கு இயலுமாயின், நமது மண்ணிலேயே பிறந்த மாட்டை நமது மண்ணின் மாரியிலிருந்து காப்பது இயலாத செயலன்று. முதுகு நனையாமல் ஒரு கூரை, வாடை படாமல் ஒரு மறைப்பு, வயிறு காயாமல் ஒரு வைக்கோற் போர்: இம்மூன்றையும் கார்த்திகை பிறக்குமுன் ஆயத்தஞ் செய்துவையுங்கள். சிறுபோக வெட்டு முடிந்த வயலில் இவ்வாண்டு தீ மூட்ட நெருப்புப் பெட்டியை எடுக்குமுன், உங்கள் பசுவை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.